பெண் வீட்டார் கொடுத்த மாக்னம்

கடையில் இப்போது இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் கவுண்டரில் நிற்பதாகக் கேள்விப்பட்டதும் சந்தோசமாக இருந்தது. என் காலத்தில் நான் ஒருவன்தான். போன மாதம் அந்தப் பக்கம் வந்தபோது, "அங்கிள், உங்கடை அனுபவத்தைத் தமிழிலையே எழுதித் தாங்கோ, நாங்கள் வாசிப்பம்" என்று இருவரும் சொன்னீர்கள். நம்பி எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பஞ்சியாக இருந்தால் உங்கள் அம்மாமார் வாசித்துச் சொல்லட்டும்.

உங்களோடு சேர்ந்து வேறு யாரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் என்னைப் பற்றி நாலு வரி. ஒஸ்லோவில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் இருபத்தாறு வருடம் துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்றவன் நான். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். என் தொழிலைக் கேள்விப்படும் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீர், இஞ்சை வந்து துவக்கு விக்கிறீரோ?" "ஓம்" என்று சொல்வேன். அதைவிட நீளமான பதில் ஒன்றை இருபத்தாறு வருடத்தில் நான் தயார் செய்யவில்லை.

துவக்கை எப்படித் துடைப்பது, குறிபார்க்கும் ஸ்கோப்பை எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு விற்பனையைப் பற்றி. அதில் நான் பிழை விட்டேன். தெரியாமல் விட்டிருந்தால் ஆளை மன்னித்து விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே விட்டேன்.

முதலில் ஒரு விசயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேட்டைத் துவக்கு வாங்க வருபவர் வாய் திறந்ததும் மிருகத்தின் பெயரைத்தான் சொல்வார். "எல்க்" என்பார். குதிரையைவிட உயரமான மான் என்பதால், துவக்கும் பெரிதாக இருக்க வேண்டுமென்று வரும் வழியிலேயே முடிவு கட்டியிருப்பார். மிருகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. பட வேண்டிய இடத்தில் பட்டால் நடுத்தரத் தோட்டாவுக்கே அது விழும். நீங்கள் பார்க்க வேண்டியது துவக்கின் இந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளை. ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு அவருக்கு இரண்டு காரியம் செய்கிறது: தோளில் உதைக்கிறது, காதில் அறைகிறது. உதையைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். சேட்டுக் கழுத்தை விலக்கி, தோளில் கன்றிப்போன இடத்தைப் பதக்கம் மாதிரிக் காட்டிய வாடிக்கையாளர்கள் எனக்கு இருந்தார்கள். காதைக் காட்டியவர் ஒருவருமில்லை. தோள் ஒரு கிழமையில் ஆறிவிடும், காது ஆறாது. இதைக் கடையில் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

தில்லையம்பலம் என்று எனக்கு ஒரு சிநேகிதன். பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று மீன் வெட்டியவர்கள் நாங்கள். நான் ஒஸ்லோவுக்கு வந்த பிறகு அவனும் தெற்கே வந்து லில்லெஸ்ட்ரோமில் பஸ் ஓட்டினான். அவனுடைய ஒரே மகள் மதுரா ஒரு நோர்வேக்காரனை விரும்பினாள். பெடியனின் பெயர் ஐரிக். தச்சு வேலை செய்பவன். ஒல்லி, உயரம், அதிர்ந்து கதைக்க மாட்டான். தமிழில் "மாமா", "காணும்" (போதும்), "உறைப்பு" என்று மூன்று சொல் தெரியும்; தில்லையின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது போதுமாக இருந்தது.

ஐரிக்குக்குத் தகப்பன் இல்லை. தகப்பன் விட்டுப்போனது ஒரு பழைய ரைஃபிளும் எல்க் வேட்டை அணியில் ஒரு இடமும். அந்த இடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நோர்வேயில் அது எங்கள் ஊர்ப் பரம்பரைக் காணி மாதிரி. இருப்பவர் செத்தால் அல்லது விட்டால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும், அடுத்தவர் எப்போதும் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அந்தக் காட்டில், தகப்பன் நின்ற அதே பாறைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஐரிக்குக்கு வருடத்தில் பெரிய நாள். கோயில் திருவிழாவை விடுவானா ஒருத்தன்? அப்படித்தான் அவனும்.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தில்லை அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மச்சான், மருமோனுக்கு ஒரு துவக்கு வேணும். கடையிலை இருக்கிறதுக்குள்ளை பெரிசு."

"அவனட்டை ஒண்டு கிடக்குத்தானே?"

"அது தேப்பன்ரை பழசு. ஆறரை மில்லிமீற்றராம். அதெல்லாம் ஒரு அளவே? பொம்பிளை வீட்டார் குடுக்கிறது எடுப்பா இருக்க வேணுமடாப்பா. சின்னதைக் குடுத்துப்போட்டு நாளைக்கு ஊரின்ரை வாயிலை விழச் சொல்லுறியே?"

எந்த ஊர், எந்த வாய் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் மொத்தம் பதினொரு பேர். அவர்களில் எவரும் தில்லையின் துவக்கை அளந்து பார்க்கப் போவதில்லை.

ஐரிக்கிடம் நோர்வே மொழியில், "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். அவன் மாமனாரைப் பார்த்தான், சிரித்தான். "மாமா சொல்வது நல்லதாகத்தான் இருக்கும்" என்றான். கொடுக்கிற பரிசை மறுக்கக்கூடாது என்று அவனை வளர்த்திருந்தார்கள். மருமகனுக்குக் குறைவைக்கக்கூடாது என்று தில்லையை வளர்த்திருந்தார்கள். சம்பந்தம் கலக்கிற இடத்தில் வாயைக் கொடுக்காதே என்று என்னை வளர்த்திருந்தார்கள். இப்படி நன்றாக வளர்க்கப்பட்ட மூன்று பேர் ஒரு கவுண்டரில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதுதான் மிச்சக் கதை.

ஆனாலும் ஒருமுறை முயன்றேன். பழைய ரைஃபிளே இவனுக்குக் காணும், அதற்கு ஒரு நல்ல டெம்பர் வாங்கிக் கொடு என்றேன். டெம்பர் என்பது குழலின் வாயில் பூட்டுகிற சத்தம் அடக்கி. இந்த நாட்டில் அது சட்டப்படி சரியானது, அநேகமான வேட்டைக்காரர் பாவிப்பது. சத்தத்தையும் குறைக்கும், உதையையும் குறைக்கும். தில்லை ஒன்றைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"உதென்ன, தண்ணிக் குழாயை வெட்டிப் பூட்டின மாதிரி?"

"சத்தம் குறையுமடா."

"சத்தம் இல்லாட்டி அது என்ன துவக்கு? மேளம் இல்லாமல் கலியாணம் செய்யிறதே?"

பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் ஒருவர் என்ன பகிடி என்று கேட்டார். பகிடி இல்லை, வாடிக்கையாளரின் கருத்து என்றேன்.

அதோடு நான் விட்டுவிட்டேன். தில்லைக்குப் பிடித்தது மாக்னம் என்கிற பெரிய தோட்டா. மருமகன் காட்டில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே என்று இரக்கப்பட்டு, அதிலேயே பாரம் குறைந்த ரைஃபிளாகத் தேர்ந்தெடுத்தான். தோட்டா பெரிதாக, துவக்கு பாரம் குறைவாக இருந்தால் உதை அந்த அளவுக்குக் கூடும். பொல்லைக் கொடுத்து அடி வாங்குகிற வேலை. உதையைச் சமாளிக்க நான் ஒரு வழி செய்தேன். குழலின் வாயில் பிரேக் ஒன்றைப் பூட்டிவிட்டேன். வெடிக்கும்போது வருகிற காற்றை அது பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி விடும். உதை பாதியாகக் குறையும். காற்றோடு சத்தமும் பின்னால்தான் வரும், சுடுகிறவனின் முகத்துக்கு. பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் நாய்க்கும்கூட. இதெல்லாம் எனக்குத் தெரியும். கடையில் கேட்கிற ஆட்களுக்கு நானே படம் கீறி விளக்கியிருக்கிறேன். அன்றைக்குப் படம் கீறவில்லை. "இது உதையாது" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். பாதி உண்மை.

கலியாணத்தன்று துவக்கைத் தாம்பாளத்தில் வைத்து, மற்றத் தட்டுகளோடு வரிசையாகக் கொண்டுபோக வேண்டுமென்று தில்லை ஆசைப்பட்டான். ஐரிக்கின் பெயரில் பொலிஸ் அனுமதி எடுத்துத்தான் வாங்க முடியும், மண்டபத்தில் தூக்கிக்கொண்டு நடந்தால் கலியாணம் பொலிஸ் நிலையத்தில்தான் முடியும் என்று விளங்கப்படுத்தினேன். கடைசியில் துவக்கின் கலர்ப் படம் ஒன்றை எடுத்து, சட்டம் போட்டு, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்தார்கள். படத்தின் மூலையில் மதுராவின் பெரியம்மா குங்குமம் வைத்துவிட்டார்.

அந்த இலையுதிர்காலம் ஐரிக் புதுத் துவக்கோடு காட்டுக்குப் போனான். அடுத்த கிழமை மதுரா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், ஐரிக் ஒரு எல்க்குக்குச் சுட்டவன். பின்னங்காலிலை பட்டிட்டுது. அது ஓடிட்டுதாம். இரவு முழுக்கத் தேடி அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டுபிடிச்சிருக்கினம். வந்து இரண்டு நாள் ஒண்டும் சாப்பிடேல்லை."

"ஸ்கோப் அசைஞ்சிருக்கும் பிள்ளை."

"ஸ்கோப்பை விடுங்கோ. அணியிலை இருக்கிற நாய் இப்ப அவனுக்குக் கிட்ட வருகுதில்லையாம். வெடிக்கேக்கை அது பக்கத்திலை நிண்டதாம். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ, அவர் தாங்க மாட்டார்."

சொல்ல மாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

அந்த அணிக்குத் தலைவி ஒரு அம்மா. அறுபது வயது, செம்மறிப் பண்ணைக்காரி. பெயர் தேவையில்லை, தன் பெயரைப் போடச் சொல்லி அவர் கேட்கவும் மாட்டார். ஐரிக்கிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வருடம் என் கண் முன்னால் சுடும் சோதனையில் சித்தியடை. இல்லாவிட்டால் இடத்தை மற்றவருக்கு விடு." உங்களுக்குத் தெரியும், பெரிய மிருக வேட்டைக்கு இங்கே வருடா வருடம் சோதனை. நூறு மீற்றரில் மிருகத்தின் படம், அதில் ஒரு வட்டம், ஐந்து வெடி. ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். அந்தப் பகுதிச் சுடுதிடலில் சோதனை வைப்பவரும் அந்த அம்மாதான்.

அடுத்த ஓகஸ்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் அந்தத் திடலில் நின்றோம். ஐரிக் என்னை ஸ்கோப் பார்க்கக் கூப்பிட்டிருந்தான். தில்லையை ஒருவரும் கூப்பிடவில்லை. மருமகனின் சோதனை என்று எப்படியோ மோப்பம் பிடித்து, மடிக்கிற கதிரை, ஒரு பெட்டி மீன் ரோல்ஸ், தேத்தண்ணிப் போத்தல் சகிதம் வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டான். போனைத் தூக்கிப் படம் எடுக்கவும் தொடங்கினான். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் பார்க்க வேண்டுமாம்.

ஐரிக் ஐந்து வெடி வைத்தான். இரண்டு வட்டத்துக்கு வெளியே. இன்னொரு தரம் ஐந்து. மூன்று வெளியே. பிரேக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் காற்று வந்து எங்கள் சேட்டுகளை அசைத்தது. காதுக்கவசம் போட்டிருந்தும் பல்லுக்குள் இடித்தது. தில்லை மட்டும், "பார், என்ன கம்பீரம்!" என்றான்.

"ஸ்கோப்பில் ஏதோ பிழை" என்றான் ஐரிக். முகம் வெளிறியிருந்தது.

நான் ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தேன். அம்மியை ஆட்டலாம், அதை ஆட்ட முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்: எவராவது ஸ்கோப்பைக் குறைசொல்லிக்கொண்டு கடைக்கு வந்தால், ஸ்கோப்பைப் பார்க்க முன் அவர் கண்ணைப் பாருங்கள். வெடி வெடிக்க முன்பே உடம்புக்கு அது வரப்போவது தெரிந்துவிடும். கண் தானாக மூடும், தோள் சுருங்கும், கை இழுக்கும். மூளைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. ஆளுக்கே தெரியாது. உதையாலும் வரும், சத்தத்தாலும் வரும். உதையைக் குறைத்துவிட்டால் போய்விடும் என்று நான் போட்ட கணக்குப் பிழை. நான் பூட்டிய பிரேக் ஒவ்வொரு வெடிக்கும் அவன் முகத்தில் அறைந்து, பயத்தைப் பழக்கிக் கொடுத்திருக்கிறது.

அந்த அம்மா என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவன் கண்ணை மூடுகிறான். தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு போலித் தோட்டாவை வைக்கப் போகிறேன். வெடிக்காதபோது துவக்கு எப்படித் துள்ளுகிறது என்று அவனே பார்க்கட்டும்."

"வேண்டாம்" என்றேன். "அங்கே இருப்பது அவனுடைய மாமனார். படம் எடுக்கிறார்."

"அதனால்?"

அதனால் என்ன என்பதை ஒரு செம்மறிப் பண்ணைக்காரிக்கு நோர்வே மொழியில் விளக்க எனக்குச் சொல் இல்லை. மருமகனின் குறையை மாமனாருக்கு முன்னால் அவிழ்த்துக் காட்டக்கூடாது. காட்டினால் அவன் அந்த வீட்டுக் கதிரையில் இனி நிமிர்ந்து இருக்க மாட்டான். தில்லை அதற்குப் பிறகு அவனோடு கண் பார்த்துக் கதைக்க மாட்டான். இரண்டு பேருமே நல்லவர்கள், அதுதான் கரைச்சல்.

"ஒன்று அவன் தகப்பனின் இடத்தை இன்றைக்கு இழப்பான், அல்லது வெட்கப்படுவான். எது நல்லது?" என்று கேட்டார் அவர்.

எனக்கு மூன்றாவது வழி ஒன்று தோன்றியது. நான் சுடுகிறேன் என்று சொல்லிப் படுப்பது. மூன்றாவது வெடியில் வேண்டுமென்றே துள்ளி, தவறவிட்டு, "இந்தத் துவக்கு எனக்கே ஏலாது" என்று சொல்வது. இத்தனை வருடம் துவக்கு விற்றவனுக்கே ஏலாது என்றால் ஐரிக்குக்கு என்ன வெட்கம்? நல்ல திட்டம் என்றுதான் நினைத்தேன்.

"ஸ்கோப்பை நான் சுட்டுப் பார்க்கிறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா தோட்டாக்கூட்டை நிரப்பித் தந்தார். படுத்தேன். முதல் வெடி வட்டத்துக்குள். இரண்டாவது வட்டத்தின் ஓரத்தில். அடுத்ததில் நடிக்கத் தொடங்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மெதுவாக விசையை இழுத்தேன்.

"டிக்" என்றது. வெடிக்கவில்லை. துவக்கின் மூக்கு மட்டும் நிலத்தைப் பார்த்துக் குத்தியது. நான் கண்ணைத் திறந்தேன். திறந்தபோதுதான் மூடியிருந்தது தெரிந்தது.

அவர் எனக்குத்தான் போலித் தோட்டாவை வைத்திருந்தார். நடிக்க வேண்டுமென்று போனவனுக்கு நடிக்கத் தேவைப்படவில்லை.

பின்னாலிருந்து தில்லையின் குரல் வந்தது.

"மச்சான், வெடிக்கவேயில்லை. நீ ஏன் துள்ளினனீ?"

எழும்பி மண்ணைத் தட்டினேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பொய்கள் மூன்று நாலு என்னிடம் இருந்தன. கவுண்டரில் நின்றவனுக்குப் பஞ்சமா? ஆனால் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் படம் கீறிக் காட்டிய விசயம் என் உடம்புக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது, நான் ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை.

"பயத்திலை" என்றேன். பிறகு ஐரிக்குக்கும் விளங்கட்டும் என்று நோர்வே மொழியில் திரும்பச் சொன்னேன்.

ஐரிக் நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கும் அப்படித்தான்" என்றான்.

தில்லை போனைக் கீழே இறக்கினான். நான் அதோடு நிறுத்தவில்லை.

"தில்லை, இது உன்ரை மருமோனுக்குப் பொருந்தாத துவக்கு. அண்டைக்கு உன்னோடை கடையிலை நிக்கேக்கையே எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லத் துணிவில்லாமல் வித்தனான். போன வருசம் எல்க்கின்ரை காலிலை பட்டது அவன்ரை பிழையில்லை."

"எந்த எல்க்?"

மதுரா சொல்லாதே என்ற கதையை அங்கேயே சொன்னேன். கால், இரவு, நாய், எல்லாம். தில்லைக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்தது.

"எல்லாரும் சேர்ந்து என்னை விசரனாக்கிப் போட்டியள்! நான் என்ன, கேட்டால் கடிச்சுத் தின்னிறவனே?" பிறகு ஐரிக்கின் பக்கம் திரும்பினான். அவன் பஸ்ஸில் கதைக்கிற நோர்வே மொழியில், "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

ஐரிக் சொன்னான்: "என் அப்பா செத்ததால் எனக்கு ஒரு துவக்கு கிடைத்தது, மாமா. நீங்கள் உயிரோடு இருந்து உங்கள் கையால் ஒன்றைத் தந்தீர்கள். அதைப் பிழை என்று நான் எப்படிச் சொல்வேன்?"

தில்லை கதிரையில் இருந்துவிட்டான். ரோல்ஸ் பெட்டி மடியில் இருந்தது. நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் எல்க் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது, அதை அவன் மறைக்கவில்லை.

"ஒரு வாயில்லாச் சீவன் ஒரு இரவு முழுக்கக் காலை இழுத்துக்கொண்டு திரிஞ்சது, என்ரை எடுப்புக்கோ?" என்றான் தமிழில். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு தில்லைதான் கேட்டான்: "பழசு எங்கை கிடக்கு?"

ஐரிக் தன் துவக்குப் பையின் மறுபக்க ஸிப்பைத் திறந்தான். தகப்பனின் ஆறரை அங்கேதான் இருந்தது. வாயில் அவனே வாங்கிய டெம்பரும் பூட்டியிருந்தது. எந்த நேரமும் அதையும் கூடவே கொண்டு திரிந்திருக்கிறான், வெளியே எடுக்க மட்டும் முடியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பழகிய பயம் துவக்கை மாற்றியதும் இறங்கி ஓடாது. முதல் வெடியிலும் அவன் துள்ளினான். அந்த அம்மா அவனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஒரு தோட்டா உண்மை, இரண்டு போலி, பிறகு ஒன்று உண்மை என்று எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு "டிக்"குக்கும் குழல் எவ்வளவு அசைந்தது என்பதை விரலால் காட்டினார். வேறு வார்த்தை இல்லை, திட்டு இல்லை, தட்டிக்கொடுப்பும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் இப்படியே போனது. தில்லை ரோல்ஸை எல்லோருக்கும் நீட்டினான். போனைத் தொடவில்லை. டெம்பர் போட்ட வெடி ஒன்று போனபோது, "உது வடிவாய்த்தான் கேக்குது" என்று தனக்குள் சொன்னான்.

பின்னேரம் ஐரிக் சோதனைக்குப் படுத்தான். ஐந்து வெடி. நாலு நடுவில், ஒன்று கோட்டைத் தொட்டுக்கொண்டு உள்ளே. அந்த அம்மா போய்க் கிட்ட நின்று பார்த்துவிட்டு வந்து தாளில் கையெழுத்துப் போட்டார். ஐரிக்கின் கையைக் குலுக்கி, "உன் இடம் உன்னுடையது" என்றார். தில்லை மருமகனைக் கட்டிப்பிடித்தான். நோர்வேக்காரனுக்கு அது கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும், ஆனாலும் அசையாமல் நின்றான்.

நானும் சந்தோசத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. விலை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இப்படி எத்தனை பேருக்கு விற்றிருக்கிறாய்?"

எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். ரயிலில் திரும்பும்போது தில்லை கதைத்துக்கொண்டே வந்தான். எனக்கு முகம் முகமாக வந்துகொண்டிருந்தது. பெரியது வேண்டும் என்று கேட்டவர்கள், கேட்டதைக் கொடுத்து அனுப்பியவர்கள், அடுத்த வருடம் ஸ்கோப் மாற்ற வந்தவர்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். என்ன செய்கிறாய் என்று முதலாளி கேட்டார். ஸ்கோப் விசாரிக்கிறேன் என்றேன். எடுத்தவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "நேற்று எனக்கு ஒரு போலித் தோட்டா வைத்தார்கள். வெடிக்க முன்பே நான் கண்ணை மூடுகிறேன். பயத்தில். நான் உங்களுக்கு விற்ற துவக்கும் அந்த மாதிரித்தான். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் நான் அவரை அவமானப்படுத்துவதாகச் சொல்லி வைத்துவிட்டார். கடைசியாக எடுத்தது ஒரு காட்டுத்துறைக்காரருக்கு. இரண்டு ஆள் பருமன், முப்பது வருட வேட்டை. அவருக்கும் அதையே சொன்னேன்.

"எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்" என்றார். குரல் ஒரு சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது.

கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். பத்துக்கு என்றேன். அடுத்த நாள் ஒன்பதரைக்கு நான் போனபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.